லாபத் தடமும் கடமைத் தடமும்

35 ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளமும் பாலமும் பார்த்தவனுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் கேட்கலாம். கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். கிளைப் பாதையில் ஓடும் பாசஞ்சர் வண்டி தன் செலவைத் தானே ஈட்டுவதில்லை. சரக்கு வண்டியின் வருமானம்தான் அதைத் தாங்குகிறது.

1953-ல் விமான நிறுவனங்கள் தேசியமயமாயின. 1994-ல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, தனியாருக்கு வழி திறந்தது. எல்லோரும் டெல்லி–மும்பைக்கே பறந்தால் வடகிழக்கு ஊர்களின் கதி என்ன? ஆகவே அதே ஆண்டில் அரசு ஒரு விதி செய்தது. அப்போது பெருநகரங்களை இணைக்கும் 12 தடங்கள் முதல் வகையாக இருந்தன. அவற்றில் பறப்பவர், அந்த அளவில் 10 சதவீதத்தை வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவுக்குத் தரவேண்டியிருந்தது. அதிலும் 10 சதவீதம் அப்பகுதிகளுக்குள்ளேயே பறக்கவேண்டியிருந்தது. நாட்டின் மற்றத் தடங்களுக்கு அப்போது 50 சதவீதமாக இருந்தது.

அளவுகோல் இருக்கை-கிலோமீட்டர், நம் டன்-கிலோமீட்டர் போல. 180 இருக்கை விமானம் 1,000 கிலோமீட்டர் பறந்தால் 1,80,000. இதில் வடகிழக்கு முதலான பகுதிகளின் பங்கு 18,000. அவற்றுக்குள்ளேயே பறக்கவேண்டியது 1,800. 72 இருக்கைச் சிறு விமானம் 250 கிலோமீட்டர் போக 18,000 வேண்டும். அதாவது பெருநகரத் தடத்தில் 10 முறை பறந்தால், உள்ளூரில் ஒரே ஒரு முறை! அந்த 50 சதவீதக் கடமையையோ, இரண்டு பெரிய ஊர்களுக்கிடையே பறந்தே தீர்த்துவிட முடிந்தது. சிற்றூர் விமான நிலையத்துக்கு அதில் பயனிருக்கவில்லை.

இந்தக் குறையை நீக்க 2016-ல் உடான் திட்டம் வந்தது. பாதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு, நஷ்டத்துக்கு மானியம், 3 ஆண்டுகளுக்குத் தனியுரிமை. நல்ல நோக்கம்தான். ஆனால் முதல் மூன்று சுற்றுகளைப் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-ல் தந்த அறிக்கையைப் பாருங்கள். ஒதுக்கிய 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் 3 ஆண்டுகளையும் நிறைவு செய்தவை 112. அதன் பின்னரும் 2023 மார்ச்சில் நீடித்தவை 54 மட்டுமே.

மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குப் பின்னால் பேங்கர் எஞ்சின் கொடுத்துத் தள்ளுவோம். ஏற்றம் முடிந்த பிறகுதான் அதைக் கழற்றுவோம். கடிகாரத்தைப் பார்த்துக் கழற்றுவதில்லை. மானியமும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பது என் கருத்து. 3 ஆண்டு முடிந்ததா என்று பார்ப்பதைவிட, அந்த ஊரில் போதிய பயணிகள் சேர்ந்துவிட்டார்களா என்று பார்த்து நிறுத்துவதே முறை. இல்லையேல் கட்டிய ஓடுபாதையில் ஆடு மேயும். அவசர சிகிச்சைக்கு ஓடவேண்டிய நோயாளி மறுபடியும் இரவெல்லாம் பஸ்ஸில்தான் போகவேண்டும்.