புத்தகப் பேட்டை

கொல்கத்தா நகரின் காலேஜ் தெருவை அந்நகர மக்கள் ‘பொய்பாரா’ என்று அழைப்பர். தமிழர் செவிக்கு இப்பெயர் நகைப்பூட்டலாம். வங்காள மொழியில் ‘பொய்’ என்பது புத்தகத்தைக் குறிக்கும். ‘பாரா’ என்பது பேட்டை. 1817ஆம் ஆண்டு இந்துக் கல்லூரி என்னும் பெயரில் தோன்றி, 2010இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த பிரசிடென்சி கல்லூரியும், 1857ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும் இத்தெருவில் உள்ளன. கற்போர் கூடிய இடத்தில் நூல் விற்போரும் கூடினர்.

பெரிய பதிப்பகங்களும் இங்குண்டு. எனினும், இத்தெருவின் அழகு நடைபாதையில் நெருங்கி நிற்கும் சிறு கடைகளிலேயே இருக்கிறது. மரப்பலகையாலும் தகரத்தாலும் அமைந்த அக்கடைகளில் நூல்கள் கூரையைத் தொடுமளவு அடுக்கப்பட்டிருக்கும். அடுக்கின் அடியில் கிடக்கும் நூலையும் பெயர் சொன்ன அளவில் உருவி எடுத்துத் தரும் கடைக்காரருக்கு நினைவே நூற்பட்டியல். அடுத்து நிகழ்வது பேரம். புதுநூல் வாங்க இயலாத மாணவர் பாதி விலைக்கும் குறைவாக வாங்கிப் படித்து, தேர்வு முடிந்ததும் அதே கடையில் விற்றுவிடுவதும் உண்டு. ஒரே நூல் இவ்வாறு பலரைத் தேர்வுக்கு அனுப்பிவைக்கிறது.

பழைய நூலில் அச்சிட்டவை மட்டும் இருப்பதில்லை. முன்னவர் இட்ட அடிக்கோடு, ஓரத்தில் எழுதிய ஐயம், பரிசளித்தவரின் கையொப்பம், மறந்து வைத்த டிராம் சீட்டு ஆகியனவும் உடன் வரும். தேடிச் சென்ற நூல் கிடைக்காமல், தேடாத நூலோடு வீடு திரும்புவதே இங்குப் பெறும் பேரின்பம் எனலாம்.

வாங்காமலே படித்தவரும் உண்டு. அமர்த்தியா சென் பிரசிடென்சி கல்லூரியில் பயின்றபோது, கென்னத் ஆரோ எழுதி 1951இல் வெளிவந்த பொருளியல் நூல் ஒன்றை, அவருடைய தோழர் சுகமோய் சக்கரவர்த்தி இத்தெருவின் தாஸ்குப்தா புத்தகக் கடையிலிருந்து இரவலாகப் பெற்று வந்தார். கடைக்காரர் அத்துணை இரக்கமுடையவர்! அந்நூல் எழுப்பிய வினாக்களைச் சென் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். 1998ஆம் ஆண்டு அவர் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

சுவடிகளைக் கரையானுக்கும் ஆற்றுவெள்ளத்துக்கும் பறிகொடுத்த தமிழருக்கு நூல்களின் பகை எதுவெனச் சொல்ல வேண்டுவதில்லை. பழைய நூல்களுக்குப் பெயர்பெற்ற சென்னை மூர் மார்க்கெட் 1985ஆம் ஆண்டு தீக்கிரையாயிற்று. காலேஜ் தெருவுக்கு நீரால் கேடு வந்தது. 2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஆம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கியது. அது பெருந்தொற்றுக் காலம். கடைகள் பூட்டிக் கிடந்தன. மறுநாள் தெருவில் தேங்கிய நீரில் நூல்கள் மிதந்தன. முதல் முழுவதையும் நூல்களிலேயே முடக்கியிருந்த சிறு வணிகர் கலங்கி நின்றனர். அவர்களுக்காக வாசகரும் மாணவரும் நிதி திரட்டினர். நனைந்தவற்றுள் தேறியவற்றை வணிகர் வெயிலில் விரித்து உலர்த்தினர்.

சொற்பொருள்
இரவல் – திருப்பித் தருவதாகப் பெறும் பொருள்
முதல் – வணிகத்தில் இடும் பணம்

சிந்தித்து எழுதுக
1. ‘நினைவே நூற்பட்டியல்’ – விளக்குக.
2. உம்மிடமுள்ள பழைய நூல் ஒன்றில் முன்னவர் விட்டுச்சென்ற அடையாளங்களைக் குறித்து ஐந்து தொடர்கள் எழுதுக.