ஏரிக்கென வைத்த பொருள்

முன்னுரை

பூவிருந்தவல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர் செம்பரம்பாக்கம் என்னும் ஊரைக் கடந்தே செல்லுதல் வேண்டும். சாலைக்குத் தெற்கே கடலெனப் பரந்து கிடக்கும் அவ்வூர் ஏரியைக் கண்டு வியவாதார் இலர். நம் மாணவர் பலர் நாள்தோறும் அவ்வழியே பேருந்தில் வருகின்றனர். அந்நீரைப் பருகியே வளர்கின்றனர். ஆயினும் அவ்வேரியைக் காப்பதற்கு யார் பொருள் தருகின்றனர், அப்பொருள் எவ்வழிச் செல்கிறது, அதற்குக் கணக்குக் காட்டுவோர் யாவர் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

என் பாட்டனார் பூவிருந்தவல்லிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் சிறிது நிலம் வைத்துப் பயிர் செய்தவர். ஐப்பசி மழைக்கு முன்னர் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியுடன் சென்று வாய்க்காலில் தூர் எடுத்தல் அவ்வூர் வழக்கம் என்று அவர் கூறுவார். ஆள் அனுப்பாத வீட்டார் அதற்கு ஈடாகப் பணம் கட்டினர். அப்பணம் வாய்க்காலுக்கே செலவாயிற்று. “வாய்க்கால் காசில் பந்தல் போட்டால் வயல் காயும்” என்பது அவர் அடிக்கடி சொல்லும் சொல். இன்று அரசு சுற்றுச்சூழலுக்கென்றும் தூய எரிசக்திக்கென்றும் கோடி கோடியாக ஒதுக்கும் நிதியைப் பற்றிப் படிக்குந்தோறும் அச்சொல்லே என் நினைவுக்கு வருகிறது. ஒரு நோக்கத்திற்கென ஒதுக்கிய பொருள் அந்நோக்கத்தையே சேர்ந்ததா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் குறிக்கோள்.

முன்னோர் கண்ட வழி

நீர்நிலை காத்தலை அரசின் முதற்கடமையாகக் கண்டது தமிழ் மரபு. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறிய அறிவுரை புறநானூற்றின் 18ஆம் பாடலாக அமைந்துள்ளது. நிலைத்த புகழை விரும்பும் வேந்தன் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஏரியை வெட்டுவதினும் அதனைக் காப்பது கடினம் என்பதைப் பிற்கால மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர். ஆகவே ஏரியின் பராமரிப்புக்கெனவே நிலம் ஒதுக்கினர். அந்நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. அதன் விளைவு தூர் எடுக்கவும் கரையை உயர்த்தவும் மதகைச் செப்பனிடவும் பயன்பட்டது. ஓடங்களைக் கொண்டு ஏரியின் வண்டலை அள்ளிக் கரையில் இடுவதற்கென அளிக்கப்பட்ட கொடைகளையும் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இவ்வகையில் தலைசிறந்தவை. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவை பொறிக்கப்பட்டன. ஊரின் முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரியங்களுக்கு உறுப்பினர் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஏரி வாரியத்திற்கு அறுவர். அவர்தம் பதவிக்காலம் 360 நாள்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது விதி. பொதுப்பணத்தைக் கையாண்டவர் கணக்குத் தராமற் போவதை அக்காலத்தவர் எத்துணைப் பெரிய குற்றமாகக் கருதினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எனினும் அம்முறையைக் குறையற்றதென்று போற்றுதல் ஆய்வு ஆகாது. வரி செலுத்தும் சொந்த நிலமும் சொந்த மனையும் மறைநூற் பயிற்சியும் உடையோரே வாரியத்துக்குத் தகுதியுடையோர். உழுத கைகள் பலவற்றிற்கும் பெண்டிர்க்கும் அங்கு இடமில்லை. கணக்குக் கேட்கும் முறை நமக்கு முன்மாதிரி. கேட்கும் உரிமையைச் சிலருக்கே அளித்தமை நமக்கு எச்சரிக்கை.

ஒரு சொல்லின் வரலாறு

ஊரார் கூடி நீர்நிலையைச் செப்பனிடும் வழக்கத்திற்குக் குடிமராமத்து என்று பெயர். குடி என்பது தூய தமிழ்ச் சொல். மராமத்து என்பது பழுது பார்த்தல் எனப் பொருள்படும் அரபு மூலச் சொல். பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. வசூல், பாக்கி, ஜமாபந்தி முதலிய வருவாய்த்துறைச் சொற்களும் அவ்வழி வந்தனவே. இரு மொழிச் சொற்கள் ஒன்றி ஓர் ஊர்ப்பணிக்குப் பெயராயின.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரிக்கென இருந்த மானியங்கள் மெல்ல மெல்ல அரசின் பொது வருவாயிற் கலந்தன. ஊராரின் பொருள் போயிற்று. ஊராரின் உழைப்பு மட்டும் எதிர்பார்க்கப்பட்டது. 1858ஆம் ஆண்டில் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டதே அவ்வழக்கம் தானே நடவாத நிலையை அடைந்தது என்பதைக் காட்டும். உரிமை இருந்தபோது விரும்பிச் செய்த பணி, உரிமை போனபின் சட்டத்தால் ஏவவேண்டிய பணியாயிற்று.

செம்பரம்பாக்கம் கற்பிக்கும் பாடம்

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஒரு காலத்தில் வயல்களுக்குப் பாய்ந்த அதன் நீர், நகரம் வளர வளரக் குடிநீராயிற்று. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மை செய்யும் நிலையம் 2007இல் அங்குச் செயற்படத் தொடங்கியது. ஏரியின் உபரி நீர் திருநீர்மலைக்கு அருகில் அடையாற்றிற் சேர்ந்து சென்னை வழியே கடலை அடைகிறது.

2015 டிசம்பர் முதல் நாளன்று பெருமழையின்போது இவ்வேரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இரு கரைகளும் மூழ்கின. அவ்வெள்ளம் பற்றிய இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. நீர் திறந்த முறையையும் நீர்நிலைகளின் ஆக்கிரமிப்பையும் அது கடிந்துரைத்தது. அடுத்த ஆண்டு, 2019இல், அதே ஏரி வறண்டு தரை வெடித்துக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் சென்னைக்குக் குடிநீர் வந்தது. சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரும் செம்பரம்பாக்கம் நிலையத்திற் சுத்திகரித்து வழங்கப்பட்டது.

நான்காண்டு இடைவெளியில் வெள்ளமும் வறட்சியும் ஓரிடத்திலேயே நிகழ்ந்தன. இரண்டின்போதும் நிவாரணத்திற்கென அரசின் பொருள் பெருமளவிற் செலவாயிற்று. துயர் வந்தபின் செலவிடும் பொருளுக்கு எவரும் தடை சொல்வதில்லை. துயர் வாராமல் வாய்க்காலைத் திருத்தும் பொருளுக்கோ கேட்பாரில்லை.

புதிய குடிமராமத்து

இக்குறையை நீக்கும் நோக்குடன் தமிழ்நாடு அரசு 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் உயிர்ப்பித்தது. செம்பரம்பாக்கத்திற்கு அண்மையிலுள்ள மணிமங்கலத்தில் அது தொடங்கப்பட்டது. முதற்கட்டத்தில் 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசன உழவர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தருதல் வேண்டும் என்பது விதி.

அப்பத்தில் ஒரு பங்கை நான் பெரிதும் மதிக்கிறேன். தன் பங்கைத் தந்தவனுக்கே “என் காசு எங்கே போயிற்று?” என்று கேட்கும் துணிவு பிறக்கும். ஆனால் செம்பரம்பாக்கம் போன்ற ஏரியில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதன் ஆயக்கட்டு நிலங்களிற் பெரும்பகுதி மனைகளாகவும் தொழிற்கூடங்களாகவும் மாறிவிட்டது. உழவர் குறைந்தனர், நீர் குடிப்போர் பெருகினர். இன்று அவ்வேரியின் குடிகள் யாவர்? அண்ணா நகரிலும் போரூரிலும் குழாயைத் திறக்கும் நாமே அதன் குடிகள். நமக்கோ ஏரி வாரியமும் இல்லை. அதன் கணக்கை அறியும் ஆவலும் இல்லை.

நிலக்கரி தந்த நிதி

ஏரி நீரைத் தூய்மை செய்வதும் குழாய்வழி நகருக்குச் செலுத்துவதும் மின்சாரத்தாலேயே நடைபெறுகின்றன. நம் மாவட்டத்து அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்தே மின்சாரம் ஆக்குகிறது. நிலக்கரிப் புகை காற்றைக் கெடுக்கிறது. புவியின் வெப்பத்தைக் கூட்டுகிறது. அவ்வெப்பம் மழையின் போக்கை மாற்றி, ஓராண்டு பெருவெள்ளமாகவும் ஓராண்டு பெருவறட்சியாகவும் ஏரிக்கே திரும்பி வரக்கூடும். ஆதலின் நீரைக் காத்தலும் எரிசக்தியைத் தூய்மையாக்கலும் இருவேறு பணிகள் அல்ல.

இதனை உணர்ந்து நடுவணரசு 2010இல் நிலக்கரி டன் ஒன்றுக்கு 50 ரூபாய் மேல்வரி விதித்தது. அதைக் கொண்டு தேசியத் தூய எரிசக்தி நிதியத்தை அமைத்தது. மாசு செய்யும் பொருளிடம் வரி பெற்று மாசற்ற ஆற்றலை வளர்ப்பது மிக நல்ல கருத்து. அவ்வரி 2016இல் 400 ரூபாயாக உயர்ந்தது. 2010-11 முதல் 2017-18 வரை இவ்வகையில் திரண்ட தொகை ஏறத்தாழ 86,440 கோடி ரூபாய். அதில் நிதியத்தைச் சென்றடைந்தது 29,645 கோடி. குறித்த நோக்கத்திற்குச் செலவானது 15,911 கோடி. திரட்டிய ஒவ்வொரு ரூபாயிலும் ஐந்தில் ஒரு பங்குகூட அந்நோக்கத்தை முழுமையாக எட்டவில்லை.

2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது அம்மேல்வரி நீக்கப்பட்டது. அதே 400 ரூபாய் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடு செய்யும் வரியாகப் பெயர் மாறியது. 2025 செப்டம்பரில் அதுவும் நீக்கப்பட்டு, நிலக்கரியின் சரக்கு சேவை வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாயிற்று. மாநிலங்களுக்கு இழப்பீடு தருதல் வேண்டாத செலவு என்று நான் கூறவில்லை. அதுவும் நற்செலவே. ஆனால் ஏரிப்பட்டியின் நெல்லை எடுத்து வேறொரு நல்ல காரியத்திற்கு அளந்தாலும் ஏரி தூர்ந்தே போகும் அன்றோ!

வக்ஃபு செய்தவர் குறித்த நோக்கத்தை அதனைக் காப்பவர் தம் விருப்பப்படி மாற்றலாகாது என்பதை நம் சமுதாயப் பெரியோர் நன்கறிவர். கிணற்றுக்கு விட்ட நிலத்தின் வருவாய் கிணற்றுக்கே உரியது. கோயில் விளக்குக்கு விட்ட நிவந்தமும் அத்தகையதே. சமயங்கள் பலவும் ஒப்பும் இவ்வறத்தை அரசின் நிதியத்திற்கும் பொருத்திப் பார்த்தல் முறையாகும்.

இல்லந்தோறும் கதிரொளி

மாறாக, பயன் எவர்க்கு என்பது வெளிப்படையாகத் தெரியும் திட்டமும் உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்தகடு பொருத்துவதை இலக்காகக் கொண்டது. அதற்கு ஒதுக்கப்பட்டது 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் எனில் 78,000 ரூபாய் மானியம் என அறிவிக்கப்பட்டது. தகடு பொருத்தியபின் மானியம் வீட்டு உரிமையாளரின் வங்கிக் கணக்கிற் சேர்கிறது. இதிற் கணக்கு எளிது.

ஆயினும் சொந்தக் கூரை இல்லாதார் இதனால் எய்தும் பயன் என்ன? அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாடகை வீட்டில் ஒற்றை அறையில் வாழும் தொழிலாளிக்கு மானியம் பெறக் கூரை எங்கே? சொந்த மனை உடையோர்க்கே குடவோலை என்ற உத்திரமேரூர் விதி, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வேறு உருவில் நம் முன் நிற்கிறது. பள்ளி, மருத்துவமனை, தெருவிளக்கு, நீரேற்று நிலையம் ஆகிய பொது இடங்களிற் சூரிய மின்சாரத்திற்கு முதலிடம் தந்தால், கூரை இல்லாதாரும் அதன் பயனைப் பெறுவர்.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! ஒரு திட்டம் அறிவிக்கப்படும்போது தொகையின் பெருமையைக் கண்டு மயங்காதீர்கள். மூன்று வினாக்களைக் கேளுங்கள். இப்பொருள் எதற்கென ஒதுக்கப்பட்டது? அதற்கே சென்றதா? கணக்கு எங்கே?

கேட்கும் வழிகளும் உங்கட்கு உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய்க் கட்டணத்துடன் நடுவணரசு அலுவலகத்துக்கும் மாநில அரசு அலுவலகத்துக்கும் விண்ணப்பிக்கலாம். முப்பது நாள்களுக்குள் விடை தருதல் அவர்தம் கடமை. சிற்றூர்களில் வாழ்வோர்க்குக் கிராம சபை உண்டு. உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22 தமிழ்நாட்டிற் கிராம சபை கூடும் நாள்களுள் ஒன்று. அன்று எழுந்து நின்று, “நம்மூர் ஏரிக்கு இவ்வாண்டு என்ன செலவாயிற்று?” என்று கேட்கும் ஒருவர் ஏரி வாரியத்தார் அறுவரின் பணியைத் தாம் ஒருவராகவே செய்தவராவார்.

நாளை செம்பரம்பாக்கத்தைக் கடக்கும்போது ஏரியை ஒரு கணம் உற்று நோக்குங்கள். அங்கே தேங்கி நிற்பது மழைநீர் மட்டுமன்று. பல தலைமுறையினர் ஒருவர்க்கொருவர் ஒப்படைத்துச் சென்ற அமானிதமும் ஆகும். அதனைக் குறையாமல் அடுத்தவர் கையில் ஒப்படைப்பது நம் கடன்.