பாடசாலைத் தோட்டமும் நம் பிள்ளைகளின் பொறுப்பும்



திருகோணமலை நகரிலிருந்து கடற்கரை வழியாக வடக்கே பத்து மைல் அளவில் போனால் நிலாவெளி. உல்லாசப் பயணிகளுக்கு அது வெள்ளை மணலும் புறாத்தீவும். நம் அடுப்படிக்கு அது சின்ன வெங்காயம். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கத்து மணல் தரையில் கிணற்றுத் தண்ணீரை இறைத்து வெங்காயம் செய்கிறார்கள். 1970களிலும் 1980களிலும் மலையகத்தை விட்டுப் போய்த் திருகோணமலை மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் உண்டு. அந்தப் பக்கம் சொந்தக்காரர் உள்ள வாசகர்களுக்கு இது கேட்ட கதையாக இருக்கலாம்.

பாடசாலைத் தோட்டத்தைப் பற்றிய பாடத்துக்கு வெங்காயப் பாத்தி எதற்கு? நட்ட வெங்காயம் 60 முதல் 75 நாளில் கைக்கு வந்துவிடும். பாடசாலைத் தவணை ஒன்று ஏறக்குறைய மூன்று மாதம். தவணை தொடங்கி மண் கொத்தி, நட்டு, தண்ணீர் விட்டு, களை பிடுங்கி, தவணை முடியுமுன் பிடுங்கி எடுத்துவிடலாம். தான் செய்த வேலை எங்கே போய் முடிந்தது என்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கும். லீக்ஸ் நட்டால் நாலைந்து மாதம் போகும். அதற்குள் விடுமுறை வந்து, நட்ட பிள்ளைக்கே மறந்துவிடும். மலையில் சின்னப் பிள்ளைகளுக்கு முள்ளங்கி நல்லது. ஒன்றரை மாதத்தில் பிடுங்கலாம். அடுத்தது போஞ்சி. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரட், கோவா கொடுக்கலாம். முதல் பயிர் பிழைத்து வந்தால்தான் அடுத்த பாத்திக்கு மனது வரும்.

இந்த இடத்தில் ஒரு தாய் கேட்பார்: “நாங்கதான் மழையிலயும் வெயில்லயும் மலையில நிக்கிறோம். எங்க புள்ளயும் மம்பட்டி புடிக்கணும்னா ஸ்கூலுக்கு அனுப்பினோம்?” நியாயமான கேள்வி. இதைச் சிரித்துத் தள்ளிவிட்டுத் தோட்டம் போட வரும் ஆசிரியருக்குப் பெற்றோரின் ஆதரவு கிடைக்காது.

இந்தக் கேள்வி நம் தோட்டங்களில் மட்டும் பிறந்ததல்ல. இலங்கையில் பாடசாலைத் தோட்டம் நூறு வருடத்துக்கு மேல் பழையது; 1900களின் தொடக்கத்திலேயே பேராதனைத் தாவரவியல் பூங்காவின் ஆதரவோடு ஆரம்பித்தார்கள். 1930களில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தெஸ்ஸ என்ற ஊரின் பெயரால் கிராமியக் கல்வித் திட்டம் வந்தது. விவசாயமும் கைத்தொழிலும் பாடத்தோடு சேர்ந்து போகவேண்டும் என்பது அதன் எண்ணம். கிராமத்துப் பெற்றோர் அதை நம்பவில்லை. பட்டணத்துப் பிள்ளைக்கு இங்கிலீஷ், எங்கள் பிள்ளைக்கு மண்வெட்டியா என்ற சந்தேகம் அவர்களுக்கு. 1972இல் வந்த முன்தொழில் பாடங்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். 1977க்குப் பிறகு அவை போய்விட்டன. இந்தியாவில் 1937இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, பிள்ளைகள் செய்யும் பொருளின் வருமானமே பாடசாலைச் செலவைத் தாங்கவேண்டும் என்றார். பிள்ளையின் உழைப்பில் பள்ளி நடத்துவதா என்று அங்கேயும் எதிர்ப்பு வந்தது. அந்தத் திட்டத்தை எழுதிக் கொடுத்த ஜாகிர் உசேன் குழுவே, காசுக் கணக்கு பெரிதாகிக் கல்வி பின்னால் போய்விடும் ஆபத்து இருக்கிறது என்று தன் அறிக்கையில் எச்சரித்தது.

ஆகவே சந்தேகப்பட்ட பெற்றோரை அறியாதவர்கள் என்று சொல்வது சரியில்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் கதை இதைவிடக் கசப்பு. 1970களின் பிற்பகுதியில் அரசு பொறுப்பேற்கும்வரை தோட்டப் பள்ளிக்கூடம் என்பது பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். இன்று 16 வயதுவரை பிள்ளை பள்ளிக்குப் போகவேண்டும் என்பது சட்டம். 2021இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 14இலிருந்து 16 ஆயிற்று. பாடசாலைத் தோட்டம் இந்தச் சட்டத்துக்குள் பின்கதவு வழியாக நுழையக்கூடாது.

அப்படியானால் வேலை வாங்குவதற்கும் பொறுப்பு பழக்குவதற்கும் வித்தியாசம் எங்கே? மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். பாத்தி யாருடையது? என்ன நடுவது என்று முடிவு செய்தது யார்? விளைந்தது யார் கைக்குப் போனது? “போய் அந்தப் புல்லைப் புடுங்கு” என்று சொல்லி நாற்பது பிள்ளைகளை வெயிலில் நிறுத்தினால், அது ஏவல். குறும்பு செய்த பிள்ளைக்குத் தண்டனையாகத் தோட்டத்தைக் கொடுத்தால் அது இன்னும் மோசம். அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் மண்ணை வெறுக்கும். நாலு பிள்ளைக்கு ஒரு பாத்தி, அதில் அவர்கள் பெயர்ப்பலகை, விளைச்சலில் அவர்கள் வீட்டுக்குப் பங்கு என்றால் அங்கே பொறுப்பு முளைக்க இடம் இருக்கிறது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

கணக்குப் பாடமும் பாத்தியிலேயே இருக்கிறது. ஒரு மீற்றர் அகலம், மூன்று மீற்றர் நீளம் உள்ள பாத்தியில் பத்து சென்ரிமீற்றருக்கு ஒன்றாக வெங்காயம் நட்டால் எத்தனை வேண்டும்? சதுர மீற்றருக்கு 100, மொத்தம் 300. ஒரு விதை வெங்காயம் மண்ணுக்குள் பல குமிழாகப் பெருகும். எத்தனை நட்டோம், எத்தனை அழுகிற்று, எத்தனை கிலோ வந்தது என்று ஒரு கொப்பியில் தேதி போட்டு எழுதும் பிள்ளை, சராசரியும் வீதமும் தானாகக் கற்றுக்கொள்ளும். கொழுந்து நிறுக்கும்போது தராசைக் கவனித்துப் பார்க்கும் அம்மாவுக்கு இதன் அருமை தெரியும்.

நிலாவெளியில் ஒரு பிள்ளை முதலில் படிக்கவேண்டியது தண்ணீர். கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்தபடிதான் நிற்கிறது. ஆசைக்கு இறைத்தால் கீழே உள்ள உப்பு ஏறிவிடும். தன் பாத்தி மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கிழக்குக் கரையோரக் கிணறுகளுக்குள் கடல் புகுந்தபோது உப்புக் கிணறு என்றால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

நமக்கோ தண்ணீர் மேலிருந்து கொட்டுகிறது, ஓடிப்போவது மண். சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டால் ஒரே மழையில் மேல்மண் ஆற்றில். பாத்தி சரிவுக்குக் குறுக்கே இருக்கவேண்டும், கான் வெட்டவேண்டும். இதை ஆசிரியரைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் நம் அப்பாமார்தான். ஒருநாள் பாடசாலைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கான் வெட்டும் முறையைக் காட்டுங்கள். தன் தகப்பன் வாத்தியார் இடத்தில் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த நாள் மறக்காது.

கோழி வளர்ப்பதும் நல்லது, ஆனால் பாத்தியைவிடக் கண்டிப்பானது. முட்டையில் அடைவைத்தால் 21 நாள். அதற்குள் தண்ணீர்ச் சட்டி ஒருநாள் காய்ந்தாலும் கோழிக்குத் தெரியும். குஞ்சு செத்தால் பிள்ளையை அடிக்கவோ திட்டவோ வேண்டாம். ஏன் செத்தது என்று கூட இருந்து பாருங்கள். கீரியா, குளிரா, கூட்டின் ஈரமா? அடுத்த தடவை கூட்டை அதுவே உயர்த்திக் கட்டும்.

மருந்தடிக்கும் வேலை மட்டும் எந்த வயதுப் பிள்ளைக்கும் வேண்டாம். மருந்துப் போத்தல் காலியாக இருந்தாலும் அதில் தண்ணீர் மொள்ளக்கூடாது. பாடசாலைப் பாத்திக்கு மாட்டெருவும் கூட்டெருவும் போதும். 2021இல் இரசாயனப் பசளை நின்று, 2022இல் சாமான் விலை ஏறியபோது, வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரசு ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு அந்த லீவு இல்லை. லயத்துப் பின்னால் நாலு பாத்தி ஏற்கனவே வைத்திருந்தவர்கள்தான் கொஞ்சம் சமாளித்தார்கள்.

கடைசியாக, விடுமுறை. பாடசாலைத் தோட்டங்கள் பல செத்துப்போவது பூச்சியால் அல்ல, ஓகஸ்ட் மாதத்தால்தான். நிலாவெளியில் அது கடும் வெயில் காலம். மூன்று நாள் தண்ணீர் விடாவிட்டால் மணல் சுட்டுவிடும். இங்கே நமக்குக் களை மூடிவிடும். தவணை முடியும் வாரத்திலேயே பிள்ளைகள் தாங்களாகவே முறை எழுதிக்கொள்ளட்டும்: திங்கள் யார், வியாழன் யார், பூவாளி யார் வீட்டில் இருக்கும், வாயில் சாவி யாரிடம். அந்தத் தாளில் உங்கள் பிள்ளையின் பெயர் இருந்தால், அதன் நாளைப் பிள்ளையே ஞாபகம் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அன்று காலை நீங்கள் எழுப்பிவிடவேண்டாம்.