சேர்வராயன் மலையில் நிலம் வாங்கும் முன்

"ஏற்காட்டில் ரெண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் வாங்கிப் போட்டால் போதும், மிச்ச காலத்தை நிம்மதியாக ஓட்டிவிடலாம்." ஓய்வு பெறும் வயதை நெருங்கும் பலர் இப்படிச் சொல்கிறார்கள். ஆசையில் தவறே இல்லை. ஆனால் அந்த ஆசையைச் சுற்றித் தரகர்களும் தெரிந்தவர்களும் பரப்பிவிட்ட சில நம்பிக்கைகள் வாழ்நாள் சேமிப்பையே விழுங்கக்கூடியவை.

"பட்டா இருக்கிறது, வேறென்ன வேண்டும்?" என்பது அவற்றில் ஆபத்தானது. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. உரிமையை நிலைநாட்ட மூலப்பத்திரம் தொடங்கி இன்றுவரை அறுபடாத பத்திரத் தொடர்ச்சி வேண்டும். வில்லங்கச் சான்றும் வேண்டும். மலையில் இதற்கு மேலும் ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மக்கள் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். இவர்கள் கேரளத்தவர் அல்லர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்பவர்கள். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டே சட்டமன்றத் தொகுதிகளில் ஏற்காடு ஒன்று, சேந்தமங்கலம் மற்றொன்று. இவர்களுக்கு அரசு ஒப்படைத்த நிலங்கள் பல 'கண்டிஷன் பட்டா' நிலங்கள். அரசின் அனுமதி இல்லாமல் அவற்றைப் பழங்குடியல்லாதவருக்கு விற்க வருவாய் நிலையாணைகள் இடம் தருவதில்லை. மீறினால் ஒப்படையை ரத்து செய்து நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம். பத்திரம் பதிவாகிவிட்டது என்ற வாதம் அப்போது உங்களைக் காப்பாற்றாது. அதோடு, ஒரு குடும்பத்தின் கடைசித் துண்டு நிலம் கைமாறியதில் உங்கள் பெயரும் இருக்கும். அக்கம்பக்கத்தைவிட விலை மிகவும் மலிவாக இருந்தால், ஏன் மலிவு என்று முதலில் விசாரியுங்கள்.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு: "அது பழங்குடிப் பகுதி, வெளியாள் வாங்கவே முடியாது." இதுவும் சரியல்ல. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. விவசாயி மட்டுமே விவசாய நிலம் வாங்கலாம் என்று மகாராஷ்டிரத்தில் இருப்பது போன்ற சட்டமும் இங்கே கிடையாது. முறையான தனியார் பட்டா நிலத்தை யாரும் வாங்கலாம். வெளிநாட்டில் குடியிருப்பவர் மட்டும் விதிவிலக்கு. அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அந்நியச் செலாவணி விதிகளின்படி விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவது வேறு. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு 'எஸ்டேட்' விளம்பரம் பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

"தோட்டத்தை மனையாகப் பிரித்து விற்கிறார்கள், வாங்கி வீடு கட்டிக்கொள்ளலாம்." அவசரப்படாதீர்கள். ஏற்காடு, 1990-இல் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருகிறது. 'ஹாக்கா' என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதன் ஒப்புதலைப் பெறுவதற்கு வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறை ஆகியவற்றின் கருத்தும் வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016 முதலே கட்டுப்பாடு இருக்கிறது. மரத்தை வெட்டி இடத்தைச் சமன் செய்துகொள்ளலாம் என்று நினைத்தால், மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தக் கெடுபிடி நியாயமானதுதான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதைப் பார்த்தோம். சரிவை வெட்டிக் கட்டும் வீடு தன் வீட்டுக்காரருக்கு மட்டும் ஆபத்தாக இருப்பதில்லை, கீழே இருப்பவருக்கும்தான்.

"காப்பி தானாகக் காய்க்கும், தானாகக் காசு தரும்." சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பி கொண்டுவந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை காலத்திலும் அது தானாகக் காய்த்ததில்லை. புதுச் செடி பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். மார்ச், ஏப்ரலில் செடியைப் பூக்கவைக்கும் பூமழை தவறினால் அந்த வருட மகசூல் அடிபடும். தண்டுத்துளைப்பான் புகுந்த அராபிக்கா செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. டிசம்பரில் ஒரு கிளையைப் பிடித்துப் பாருங்கள்: சிவந்த பழத்தை ஒட்டியே மஞ்சள் காயும் பச்சைக் காயும் இருக்கும். சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டும் என்பதால் அதே செடிக்கு ஆட்கள் மூன்று நான்கு முறை வர வேண்டியிருக்கிறது. கூலிதான் பெரிய செலவு; அந்த நேரத்தில் ஆள் கிடைப்பதும் சிரமம். வருமான வரியே இல்லை என்பதும் பாதி உண்மைதான். நீங்களே பதப்படுத்தி விற்றால் வருமானத்தில் 25 சதவீதத்துக்கும், வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதத்துக்கும் வரி உண்டு என்பது நெடுநாள் விதி. நிழல் மரத்தில் ஏறும் மிளகுக் கொடி காப்பி கைவிடும் வருடங்களில் ஓரளவு தாங்கும்.

குளிர் மலைதானே, நாசிக் போலத் திராட்சை போட்டு ஒயின் செய்யலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நாசிக் மழைமறைவுப் பகுதி. ஏற்காட்டின் ஈரமும் மூடுபனியும் திராட்சைக்குப் பூஞ்சை நோயைத்தான் கொண்டுவரும். விற்பனைக்கு ஒயின் தயாரிக்க மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமமும் வேண்டும்.

"மலையில் தண்ணீருக்கு என்ன பஞ்சம்?" மழை நிறையப் பெய்கிறது, உண்மை. பெய்வது சரிவில் ஓடிவிடுகிறது. அடியில் இருப்பது கடும்பாறை. கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு இங்கே சகஜம். காட்டெருமைகள் தோட்டத்துக்குள் வரும். பெரிய சிகிச்சை என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போக வேண்டும்.

ஆகவே பனி கொட்டும் டிசம்பரில் பார்த்து மயங்கி முடிவு செய்யாதீர்கள். சேர்வராயன் கோயில் திருவிழா நடக்கும் மே மாதத்தில் போங்கள். குகைக்குள் இருக்கும் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட வரும் மலைக் கிராமத்து மக்களிடம் பேசுங்கள். எந்தக் கிணறு வற்றும், எந்த நிலத்தில் தகராறு என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில், நிலத்தின் வகைப்பாட்டைக் காட்டும் ஏ-பதிவேட்டைப் பாருங்கள். நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கற்களை நடந்து சரிபாருங்கள். அட்வான்ஸ் அதற்கப்புறம் கொடுத்தால் போதும்.