ஜாஸ் இசையில் மைனர் ஸ்கேல்களும் மோட்களும்

க.பொ.த. (சாதாரண தரம்) – மேலைத்தேய சங்கீதம்

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்,
• ஒரே டொனிக்கில் தொடங்கும் நான்கு மைனர் ஸ்கேல்களை வேறுபடுத்தி எழுத முடியும்.
• மைனர் தன்மையுள்ள மோட்களை அவற்றின் சிறப்புச் சுரத்தைக் கொண்டு இனங்காண முடியும்.
• தரப்பட்ட கோட்டிற்குப் பொருத்தமான ஸ்கேலைக் காரணம் கூறித் தெரிவுசெய்ய முடியும்.

1. அறிமுகம்

ஜாஸ் இசையில் முதலில் பாடலின் மெட்டு வாசிக்கப்படும். பின்னர் அதே கோட் வரிசை மீண்டும் மீண்டும் ஒலிக்க, தனி வாத்தியக் கலைஞர் அதன்மேல் புதியதொரு மெட்டினை உடனுக்குடன் ஆக்கி வாசிப்பார். இதுவே இம்ப்ரொவைசேஷன் எனப்படும். கர்நாடக சங்கீதத்தில் மனோதர்மம் எனக் கூறப்படுவதற்கு இது நெருக்கமானது.

மேஜர் கோட்டின்மேல் வாசிக்கும்போது மாணவர்களுக்கு அதிக குழப்பம் ஏற்படுவதில்லை. ஆனால் "டி மைனர்" என்று கண்டவுடன் ஒரு கேள்வி எழுகின்றது. மைனர் ஸ்கேல் ஒன்றல்ல, பல. அவற்றுள் எதனை வாசிப்பது? பலர் மனனம் செய்த ஒரு ஸ்கேலையே எல்லா இடத்திலும் வாசித்துவிடுகின்றனர். அதனால் கோட் ஒன்று கூற, மெட்டு வேறொன்று கூறும் நிலை உண்டாகின்றது.

இதற்கான விடை எளிமையானது. மைனர் ஸ்கேலின் முதல் ஐந்து சுரங்கள் மாறுவதில்லை. ஆறாம், ஏழாம் சுரங்களே மாறுகின்றன. அவ்விரு சுரங்களையும் கோட்டைக் கேட்டுத் தெரிவுசெய்தல் வேண்டும். இப்பாடம் முழுவதும் இவ்வொரு கருத்தையே விளக்குகின்றது.

2. மாறாத ஐந்தும் மாறும் இரண்டும்

டி சுரத்தைத் தொடக்கமாகக் கொள்வோம். நான்கு ஸ்கேல்களுக்கும் பொதுவான சுரங்கள்: டி, ஈ, எஃப், ஜீ, ஏ. இவற்றின் பின் வரும் ஆறாம், ஏழாம் சுரங்களைப் பின்வருமாறு அவதானிக்குக.

நச்சுரல் மைனர் (ஏயோலியன் மோட்): பி♭, சி
ஹார்மோனிக் மைனர்: பி♭, சி♯
டோரியன் மோட்: பி, சி
மெலோடிக் மைனர் (ஏறுவரிசை): பி, சி♯

ஆறாம் சுரத்திற்கு இரண்டு நிலைகள், ஏழாம் சுரத்திற்கு இரண்டு நிலைகள். எனவே மொத்தம் நான்கு சேர்க்கைகள். இவ்வாறு விளங்கிக்கொண்டால் நான்கு ஸ்கேல்களையும் தனித்தனியே மனனம் செய்ய வேண்டியதில்லை.

கர்நாடக சங்கீதமும் பயிலும் மாணவர்கள் இதனை மேளகர்த்தா அட்டவணையிலும் காணலாம். டி சுரத்தை ஸட்ஜமாகக் கொண்டால் மேற்கூறிய நான்கும் அதே வரிசையில் 20ஆவது நடபைரவி, 21ஆவது கீரவாணி, 22ஆவது கரகரப்பிரியா, 23ஆவது கௌரிமனோகரி ஆகியவற்றின் சுரங்களுக்குச் சமமாகும். இவை நான்கும் வேத சக்கரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கும் ஸட்ஜம் முதல் பஞ்சமம் வரை மாற்றமில்லை. தைவதமும் நிஷாதமுமே மாறுகின்றன. எனினும் இராகம் என்பது வெறும் சுர வரிசை அன்று. கமகமும் பிடிகளும் சேர்ந்தே இராகம் ஆகின்றது. ஆகையால் டோரியன் மோட்டும் கரகரப்பிரியா இராகமும் ஒன்றே என விடை எழுதுதல் தவறாகும். சுரங்கள் சமம் என்று மட்டுமே கூறலாம்.

கவனிக்க: மேலைத்தேய சாஸ்திரிய முறையில் மெலோடிக் மைனர் ஏறும்போது ஆறாம், ஏழாம் சுரங்கள் உயர்த்தப்பட்டும் இறங்கும்போது நச்சுரல் மைனராகவும் எழுதப்படும். ஜாஸ் கலைஞர்கள் பெரும்பாலும் ஏறுவரிசையின் சுரங்களையே இறங்கும்போதும் பயன்படுத்துவர். வினாவில் ஜாஸ் எனக் குறிப்பிடப்படாவிடின் சாஸ்திரிய முறையிலேயே எழுதுக.

3. மைனர் தன்மையுள்ள மோட்கள்

பியானோவின் வெள்ளைக் கட்டைகளை மாத்திரம் பயன்படுத்தி, வெவ்வேறு சுரங்களில் தொடங்கி வாசித்தால் வெவ்வேறு மோட்கள் கிடைக்கும். அவற்றுள் மூன்றாம் சுரம் மைனராக அமைபவை நான்கு.

டி முதல் டி வரை – டோரியன். சிறப்புச் சுரம்: உயர்ந்த ஆறாம் சுரம் (பி).
ஈ முதல் ஈ வரை – ஃபிரிஜியன். சிறப்புச் சுரம்: தாழ்ந்த இரண்டாம் சுரம் (எஃப்).
ஏ முதல் ஏ வரை – ஏயோலியன். சிறப்புச் சுரம்: தாழ்ந்த ஆறாம் சுரம் (எஃப்).
பி முதல் பி வரை – லோக்ரியன். சிறப்புச் சுரம்: தாழ்ந்த ஐந்தாம் சுரம் (எஃப்).

ஃபிரிஜியன், லோக்ரியன் ஆகிய இரண்டும் முன்னைய பகுதியில் கூறிய பொதுவிதிக்குப் புறம்பானவை. ஃபிரிஜியனில் இரண்டாம் சுரமும், லோக்ரியனில் இரண்டாம், ஐந்தாம் சுரங்களும் தாழ்ந்துவிடுகின்றன.

டி டோரியனில் உள்ள சுரங்கள் யாவும் சி மேஜரில் உள்ளவையே. அப்படியாயின் இரண்டிற்கும் வேறுபாடு என்ன? மெட்டு எந்தச் சுரத்தில் வந்து ஓய்வு பெறுகின்றது என்பதே வேறுபாடு. டி சுரம் அடிநாதமாக ஒலிக்க, மெட்டும் டி சுரத்திலேயே நிலைகொண்டு, பி சுரத்தின் ஒலிநிறமும் வெளிப்பட்டால் அது டோரியன். சி சுரத்தில் போய் நின்றால் அது சி மேஜராகவே கேட்கும்.

4. உதாரணம் 1: ஒரே மோட்டில் நிலைத்து நிற்றல்

1940களில் வளர்ந்த பீபொப் இசையில் கோட்கள் மிக விரைவாக மாறின. கலைஞர்கள் ஒவ்வொரு கோட்டையும் துரத்திச் செல்ல வேண்டியிருந்தது. 1950களின் இறுதியில் சிலர் இதற்கு மாறான வழியை நாடினர். கோட்களைக் குறைத்து, ஒரே மோட்டில் நீண்டநேரம் நின்று மெட்டினை வளர்த்தனர். இது மோடல் ஜாஸ் எனப்படும்.

இதற்குச் சிறந்த உதாரணம் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் "சோ வட்" ஆகும். இது 1959 மார்ச் 2ஆம் திகதி நியூயோர்க் நகரில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, அதே ஆண்டில் "கைன்ட் ஒஃப் புளூ" எனும் இசைத்தட்டில் வெளிவந்தது. ஜோன் கொல்ட்ரேன், கெனன்போல் அடர்லி ஆகியோர் சக்ஸபோனும், பில் எவன்ஸ் பியானோவும், போல் சேம்பர்ஸ் பேஸும், ஜிமி கொப் ட்ரம்ஸும் வாசித்தனர்.

இதன் அமைப்பு 32 பார்களைக் கொண்டது.
1 – 16 பார்கள்: டி டோரியன்
17 – 24 பார்கள்: ஈ♭ டோரியன்
25 – 32 பார்கள்: டி டோரியன்

மெட்டினைப் பேஸ் வாசிக்க, மற்றைய வாத்தியங்கள் இரண்டு கோட்களால் மறுமொழி கூறுகின்றன. பியானோவில் முதற் கோட்டின் சுரங்கள் கீழிருந்து மேலாக ஈ, ஏ, டி, ஜீ, பி. அடுத்த கோட்டின் சுரங்கள் டி, ஜீ, சி, எஃப், ஏ. முதற் கோட்டின் உச்சியில் ஒலிக்கும் பி சுரமே டோரியனின் உயர்ந்த ஆறாம் சுரம். எனவே இப்பாடலில் பி♭ வாசித்தால் அது பாடலின் நிறத்தையே மாற்றிவிடும்.

17ஆவது பாரில் எல்லாம் அரைத்தொனி உயர்கின்றது. ஈ♭ டோரியனின் சுரங்கள்: ஈ♭, எஃப், ஜீ♭, ஏ♭, பி♭, சி, டி♭. இதனை டி டோரியனுடன் ஒப்பிட்டால் எஃப், சி ஆகிய இரண்டு சுரங்கள் மாத்திரமே பொதுவானவை. பார்களை எண்ணத் தவறிய மாணவர் இவ்விடத்தில் உடனே வெளிப்பட்டுவிடுவார். 16ஆவது பாரின் இறுதியில் எஃப் அல்லது சி சுரத்தை நீட்டி, அப்படியே 17ஆவது பாருக்குள் கொண்டுசென்றால் மாற்றம் இயல்பாக அமையும்.

இந்த இசைத்தட்டின் உறையில் எழுதிய குறிப்பில் பில் எவன்ஸ் இவ்வகை வாசிப்பை ஜப்பானிய ஓவியக் கலை ஒன்றுடன் ஒப்பிட்டார். மெல்லிய தாளில் தூரிகையால் இட்ட கோட்டை அழித்துத் திருத்த முடியாது. வாசித்த சுரமும் அவ்வாறே. அதனாலேயே ஸ்கேல் பற்றிய அறிவு மேடைக்கு ஏறுமுன்னரே கைவரப்பெற்றிருத்தல் அவசியமாகும்.

5. உதாரணம் 2: கோட்டுடன் சேர்ந்து மாறுதல்

ஜோசப் கொஸ்மா இசையமைத்த "ஓட்டம் லீவ்ஸ்" எனும் பாடலை 1958இல் கெனன்போல் அடர்லி "சம்திங் எல்ஸ்" எனும் இசைத்தட்டில் ஜீ மைனரில் வாசித்தார். இதில் மைனர் 2–5–1 எனும் கோட் வரிசை வருகின்றது.

ஏ மைனர் 7 ♭5 (ஏ, சி, ஈ♭, ஜீ)
டி 7 (டி, எஃப்♯, ஏ, சி)
ஜீ மைனர் (ஜீ, பி♭, டி)

படி 1: ஏ மைனர் 7 ♭5 கோட்டின் சுரங்கள் யாவும் ஜீ நச்சுரல் மைனரில் உள்ளன. எனவே ஜீ, ஏ, பி♭, சி, டி, ஈ♭, எஃப் ஆகியவற்றை வாசிக்கலாம். இவற்றை ஏ சுரத்தில் தொடங்கினால் ஏ லோக்ரியன் கிடைக்கும்.

படி 2: டி 7 கோட்டில் எஃப்♯ உண்டு. இது ஜீ சுரத்திற்கு இட்டுச்செல்லும் லீடிங் நோட் ஆகும். இங்கு எஃப் சுரத்தில் நின்றால் அந்த இழுப்பு இல்லாமற் போய்விடும். ஆகவே ஏழாம் சுரத்தை உயர்த்தி, ஜீ ஹார்மோனிக் மைனரைப் பயன்படுத்துக.

படி 3: ஜீ மைனர் கோட்டில் ஓய்வு பெறும்போது தெரிவு உண்டு. கோட் ஜீ மைனர் 6 ஆயின் அதில் ஈ சுரம் உள்ளது. ஜீ மெலோடிக் மைனர் பொருந்தும். ஜீ மைனர் 7 ஆயின் எஃப் சுரம் உள்ளது. டோரியன் அல்லது நச்சுரல் மைனர் பொருந்தும்.

பின்வரும் நான்கு பார்களையும் வாசித்துப் பார்க்க. (4/4 காலம். முதலிரு பார்களிலும் ஒவ்வொரு சுரமும் ஒரு அடி.)

பார் 1 (ஏ மைனர் 7 ♭5): ஏ – சி – ஈ♭ – ஜீ
பார் 2 (டி 7): எஃப்♯ – ஏ – சி – ஈ♭
பார் 3 (ஜீ மைனர்): டி இரண்டு அடி, பி♭ இரண்டு அடி
பார் 4 (ஜீ மைனர்): ஜீ நான்கு அடி

பார் 1இன் இறுதி ஜீ அரைத்தொனி இறங்கி எஃப்♯ ஆகின்றது. பார் 2இன் இறுதி ஈ♭ அரைத்தொனி இறங்கி டி ஆகின்றது. கோட் மாறும் இடத்தில் மெட்டு மிகச் சிறிய அடி எடுத்துவைப்பதால், துணைக் கோட் இல்லாமல் தனியே வாசித்தாலும் கோட் மாற்றம் காதுக்கு விளங்குகின்றது.

6. மாணவர்கள் விடும் பொதுவான தவறுகள்

(அ) டி டோரியனை எழுதும்போது டி மைனரின் கீ சிக்னேச்சரை இட்டு, பி சுரத்திற்கு நச்சுரல் குறி இடாது விடுதல். அவ்வாறு எழுதினால் அது நச்சுரல் மைனர் ஆகிவிடும்.
(ஆ) ஹார்மோனிக் மைனரில் ஆறாம், ஏழாம் சுரங்களுக்கிடையே மூன்று அரைத்தொனிகள் உள்ளதை மறத்தல்.
(இ) ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டுவதையே இம்ப்ரொவைசேஷன் எனக் கருதுதல். சிறிய சொற்றொடரை அமைத்தல், அதனைத் திரும்பக் கூறுதல், தாளத்தை மாற்றுதல், இடைவெளி விடுதல் என்பனவும் இதற்கு அவசியம்.

7. செயற்பாடு

நண்பர் ஒருவர் டி சுரத்தை நீட்டி வாசிக்க, நீங்கள் டி, ஈ, எஃப், ஜீ, ஏ ஆகிய ஐந்து சுரங்களால் மாத்திரம் இரண்டு பார் அளவுள்ள மெட்டொன்றை ஆக்குக. பின்னர் அதே மெட்டின் இறுதியில் பகுதி 2இல் தரப்பட்ட நான்கு சேர்க்கைகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து வாசிக்குக. ஒவ்வொரு முறையும் கேட்கும் உணர்வினை ஒரு சொல்லில் குறித்துவைக்குக.

8. பயிற்சி வினாக்கள்

1. ஏ சுரத்தில் தொடங்கும் நான்கு மைனர் ஸ்கேல்களின் ஆறாம், ஏழாம் சுரங்களை எழுதுக.
2. ஜீ டோரியன் மோட்டின் சுரங்களை எழுதுக. எந்த மேஜர் ஸ்கேலின் சுரங்களுக்கு அது சமமாகும்?
3. பி மைனர் 7 ♭5 – ஈ 7 – ஏ மைனர் எனும் வரிசையில் ஈ 7 வரும்போது ஏ நச்சுரல் மைனரின் எச்சுரம் மாற வேண்டும்? காரணம் கூறுக.
4. "சோ வட்" பாடலை உதாரணமாகக் கொண்டு மோடல் ஜாஸ் இசையின் இரண்டு இயல்புகளை விளக்குக.

விடைகள்

1. நச்சுரல்: எஃப், ஜீ. ஹார்மோனிக்: எஃப், ஜீ♯. டோரியன்: எஃப்♯, ஜீ. மெலோடிக் ஏறுவரிசை: எஃப்♯, ஜீ♯.
2. ஜீ, ஏ, பி♭, சி, டி, ஈ, எஃப். எஃப் மேஜர்.
3. ஜீ சுரம் ஜீ♯ ஆக வேண்டும். ஈ 7 கோட்டின் மூன்றாம் சுரம் ஜீ♯. அது ஏ சுரத்திற்கு இட்டுச்செல்லும் லீடிங் நோட்டும் ஆகும்.
4. (i) கோட் மாற்றங்கள் குறைவு. முதல் 16 பார்களும் டி டோரியனிலேயே அமைகின்றன. (ii) கோட்களைத் துரத்துவதற்குப் பதிலாக ஒரு மோட்டின் சுரங்களைக் கொண்டு மெட்டு வளர்க்கப்படுகின்றது; டோரியனின் உயர்ந்த ஆறாம் சுரம் அதன் நிறத்தை வெளிப்படுத்துகின்றது.

நினைவிற் கொள்க: ஐந்து சுரங்கள் உங்களுக்கு முன்னரே தரப்பட்டுள்ளன. எஞ்சிய இரண்டையும் கோட்டைக் கேட்டு நீங்களே தெரிவுசெய்ய வேண்டும். எழுத்துப் பரீட்சையில் அத்தெரிவுக்கான காரணத்தையும் சேர்த்து எழுதுக.