புதுத்துணி மே மாதத்திலேயே வரட்டும்

அன்புள்ள வாசகருக்கு,

மன்னார்குடிப் பக்கம் உங்கள் அப்பா பிறந்த ஊரின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணிமணி கொடுக்க ஆசைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன நல்ல துணிகள் ஒரு மூட்டை இருப்பதாகவும், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பள்ளியில் சின்னதாக விழா வைத்துக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் கொடுங்கள். ஆனால் மூட்டையும் வேண்டாம், விழாவும் வேண்டாம்.

நம் தஞ்சை மண்ணில் துணிக்குப் பழைய கதை ஒன்று உண்டு. பண்ணையாள் முறை இருந்த காலத்தில், வருஷம் முழுக்க உழைத்த குடும்பத்துக்கு நல்ல நாளில் மிராசுதார் வீட்டு வாசலில் ஒரு வேட்டியும் சேலையும் கிடைக்கும். முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, தோளில் துண்டு கிடக்கக் கூடாது. துணியைக் கொடுத்த கைதான் அதை எப்படி உடுத்த வேண்டும் என்பதையும் தீர்மானித்தது. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கிடைத்த சவுக்கடியையும் சாணிப்பாலையும் (சாணி கரைத்த தண்ணீரைக் குடிக்கவைப்பது) எதிர்த்து 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர்கள் பி. சீனிவாச ராவும் களப்பால் குப்புவும் இந்த மக்களைத் திரட்டினார்கள். 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த வாசலில் நின்றவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள்தான் நீங்கள் துணி கொடுக்க நினைக்கும் பள்ளியில் படிக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளை வாசலில் நிற்காத பிள்ளைகளாக ஆக்கியதில் சீருடைக்குப் பெரிய பங்கு உண்டு. காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்ததைத் தொடர்ந்து, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊரார் கொடுத்ததில் பள்ளிகளுக்குப் பெஞ்சும் கரும்பலகையும் வந்தன, பிள்ளைகளுக்குச் சீருடையும் வந்தது. பிறகு 1985 முதல், சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசே இலவசச் சீருடை கொடுக்கிறது. 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு செட். கூட்டுறவு நெசவாளர்களின் துணியை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள் தைக்கிறார்கள். ஒரு ஏழைக் குழந்தையின் சட்டையால் இன்னும் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

அப்படியானால் நாம் கொடுக்க என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது.

அரசுச் சீருடை எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து துணி எடுப்பதும் தையல்கூலி கொடுப்பதும் பெற்றோர் பாடு. பிள்ளை கிடுகிடுவென்று வளர்கிற வயதும் அதுதான். படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிற வயதும் அதுதான். பள்ளி திறப்பதோ ஜூனில். சம்பா அறுவடை தை, மாசியோடு முடிந்து, உளுந்து, பயறு எடுக்கும் வேலையும் ஓய்ந்தபின் விவசாயக் கூலிக் குடும்பத்தின் கையில் காசு இருக்காது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, குறுவை நடவு தொடங்கினால்தான் பெண்களுக்குக் கூலி. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கவே இல்லை. அப்படிப்பட்ட வருஷத்தில் பத்தாம் வகுப்புக்குப் போகிற பெண்ணுக்கு இரண்டு செட் சீருடை எடுப்பதென்றால் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். பொங்கலுக்குக் கிடைக்கும் சட்டையைவிட மே மாதம் கிடைக்கும் சீருடை பெரிய உதவி என்று சொல்வது இதனால்தான்.

அடுத்தது மழை. மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு அரசு கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் கொடுக்கிறது. டெல்டா சமவெளிப் பிள்ளைகளுக்கு அது இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் பெய்யும்போது கூரை வீட்டில் துவைத்த துணி எங்கே காயும்? 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது கூரையோடு துணிமணி, புத்தகப்பை எல்லாம் போன வீடுகள் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எத்தனையோ. ஒரு குடை, ஒரு மழைக்கோட்டு, கூடுதலாக ஒரு செட் துணி இருந்தால் மழை நாளிலும் பிள்ளை பள்ளியில் இருக்கும்.

யாரும் கொடுக்காத ஒன்றும் இருக்கிறது: உள்ளாடை. வளர்கிற பெண் பிள்ளைகள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். பள்ளியின் ஆசிரியை ஒருவரிடம் பேசினால் யாருக்கு என்ன அளவு என்று அவருக்குத் தெரியும். வாங்கிக் கொடுங்கள், அவர் கையாலேயே போகட்டும்.

இனி எப்படிக் கொடுப்பது என்பதற்கு வருகிறேன். ஏப்ரலிலேயே தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசுங்கள். அந்தக் குழுவில் பெற்றோரே இருக்கிறார்கள். எந்த வீட்டில் முடை என்று ஊருக்குள் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் பள்ளிக்குப் பணம் கொடுக்கலாம். துணியாகவே கொடுக்க விரும்பினால் பள்ளியின் நிறம் கேட்டு எடுத்து, ஊர் டெய்லரிடம் கொடுத்து, பிள்ளையையே அளவு கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளை வளரும்போது தையலைப் பிரித்துவிட இரண்டு விரல் துணி உள்ளே மடித்துத் தைக்கட்டும். கூலி ஊருக்குள்ளேயே நிற்கும்.

புகைப்படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தாதீர்கள். கொடுத்தவர் யார் என்று தெரிந்துவிட்டால் அந்தப் பிள்ளை உங்களைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட வேண்டியிருக்கும். அந்தக் கும்பிடு வேண்டாம் என்றுதான் இந்த மண்ணில் அத்தனை பேர் அடிபட்டார்கள்.

உங்கள் வீட்டு மூட்டையை அக்கம்பக்கத்தில் வேண்டியவர்களுக்குக் கொடுங்கள், தவறே இல்லை. பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் அதன் அளவுக்குத் தைத்த புதுத்துணி போகட்டும். எல்லோருக்கும் முடியாதென்றால் ஒன்பது, பத்தாம் வகுப்பில் ஐந்து பேருக்குச் செய்யுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அந்த ஐந்து பேருக்கும் விடாமல் செய்யுங்கள். ஒரு வருஷம் ஐம்பது பேருக்குக் கொடுத்து மறப்பதைவிட அது நிச்சயம் பெரிது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்