கோபுரம் கட்டுமுன்

கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் பாதியில் நின்றுபோன வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தூண்களின் உச்சியில் கம்பிகள் துருவேறி நிற்கும். தளத்தில் புல் முளைத்திருக்கும். சரிவிலே வீடு கட்டுபவன் முதலில் மண்ணைத் தாங்கும் சுவரையும், மழைநீர் ஓடக் கானையும் அமைக்கவேண்டும். அந்தச் சுவரோடேயே கைப்பணம் தீர்ந்துவிடுவதுண்டு.

நம் ஆண்டவரும் இப்படியொரு மனிதனைக் காட்டுகிறார் (லூக்கா 14:28-30). கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும். இல்லையேல் ஊரார் நகைப்பார்கள். இதைச் சிக்கனத்துக்கான புத்திமதி என்று மட்டும் எடுத்துக்கொள்வது நம் வழக்கம். அது போதாது. பெருங்கூட்டம் தம் பின்னே வந்தபோதே இயேசு திரும்பி இதைச் சொன்னார். 33ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: தனக்குள்ளதையெல்லாம் துறக்காதவன் தம் சீடனாக முடியாது என்று முடிக்கிறார். ஆகவே கையில் என்ன இருக்கிறது என்பதோடு, எதை விடவேண்டியிருக்கும் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

நமது கண்டியில் உழைத்த புனித யோசே வாஸ் அடிகளார் இந்தக் கணக்கை அறிந்திருந்தார். 1651இல் கோவாவில் பிராமண மரபுக் குடும்பமொன்றில் பிறந்தவர். குருக்கள் குழுவொன்றுக்குத் தலைவராயிருந்தவர். இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்தனர். தூத்துக்குடிக்கு வந்த அடிகளார், குருவின் உடையோடு போனால் பணி தொடங்குமுன்பே முடிந்துவிடும் என்று கண்டுகொண்டார். குலமதிப்பு, அங்கி, தலைமை எல்லாவற்றையும் விட்டு, பிச்சைக்காரர் வேடத்தில் 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார்.

ஆயினும் எல்லாவற்றையும் முன்கூட்டிக் கணக்கிட எவராலும் முடியாது. 1692இல் கண்டிக்கு வந்தவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று சந்தேகித்து, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் சிறையிட்டான். பணி செய்ய வந்தவருக்குக் கதவு அடைபட்டது. கோபுரம் கட்டுபவன் தானாக அமர்ந்தான்; அடிகளாரோ அமர்த்தப்பட்டார்! அந்த நாட்களில் அவர் சிங்களம் கற்றார். சிறையிலேயே குடிசைக் கோவிலொன்றும் எழுந்தது. பின்னர் மன்னனின் நன்மதிப்பைப் பெற்று வெளியே வந்தபோது, மக்களோடு அவர்கள் மொழியிலேயே பேசக்கூடியவராக இருந்தார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. பலர் அஞ்சி ஓடினர். அவர் நோயாளிகளிடம் சென்றார்.

1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் மொழியைக் கற்ற பின்பே எழுதுகோலை எடுத்தார். சிங்களத்திலும் தமிழிலும் அவர் நூல்கள் உண்டு. இரு மொழியினர் பக்கத்துப் பக்கத்தில் வாழும் கண்டியில், அயலவனின் மொழியைக் கற்க நேரமில்லை என்று சொல்லும் நமக்கு இது சற்றே உறுத்தவேண்டும்.

அம்பிட்டியவில் 1893இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயரின் விருப்பப்படி எழுந்த குருமடம் 1955இல் பூனாவுக்குப் போயிற்று. அவ்விடத்தில் இன்று நமது தேசிய குருமடம் இருக்கிறது. குருவாக ஆண்டுக்கணக்கில் ஆயத்தம் தேவை என்பதை ஒருவரும் மறுப்பதில்லை. திருமணம் என்றாலோ, மண்டபம், உடை, கேக் ஆகியவற்றின் செலவை மாதக்கணக்கில் பார்க்கிறோம். மணமக்கள் தங்கள் பிடிவாதங்களில் எதை விடவேண்டும் என்று சேர்ந்தமர்ந்து பேசியதுண்டா என்று பெற்றோர் கேட்பது அரிது. திருமண அறிவித்தல் மூன்று ஞாயிறுகளில் வாசிக்கப்படுகிறது. அந்த மூன்று வாரங்களில் ஒரு மாலையை லூக்கா 14:25-33க்கு ஒதுக்கினால், பேசவேண்டியது நிறைய வெளிவரும்.